காணி எங்களுடையது, கீழே உள்ளது யாருடையது? நில அதிர்வு அளவைக்குச் சம்மதம் கேட்கிறார்கள்

கேள்வி, 2023 ஏப்ரல் 2

மன்னார் தீவில் எங்கள் பேரனார் (பாட்டனார்) வாங்கிய நாலரை ஏக்கர் பனங்காணி இருக்கிறது. 1990இல் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தோம். இப்போது தெஹிவளையில் இருக்கிறோம். காணியை மாமாவின் மகனான என் மச்சான் பார்த்துக்கொள்கிறார். போன கிழமை ஒரு நிறுவனத்தின் ஆட்கள் அவரிடம் வந்து, நிலத்துக்கு அதிர்வு கொடுத்துக் கீழே உள்ள படைகளை அளக்கப்போவதாகவும், சில இடங்களில் சிறு துளைகள் போடப்போவதாகவும் சொல்லி, ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கக் கடதாசி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உரிமையாளர் வெள்ளிக்கிழமைக்குள் கையொப்பமிட வேண்டுமாம். ஒரு தொகைப் பணமும் தருவார்களாம். மறுத்தால் அரசாங்கத்தைக் கொண்டு உள்ளே வந்துவிடுவார்களா? கீழே பெறுமதியானது ஏதாவது இருந்தால் எங்களுக்குப் பங்கு உண்டா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், 2023 ஏப்ரல் 2, இரவு

வெள்ளிக்கிழமைக்குள் கையொப்பமிட வேண்டாம். அந்தத் தவணையை அவர்கள் வைத்தார்களே தவிர, எந்தச் சட்டமும் வைக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் தவறாக நம்பிக்கொண்டிருப்பது அதைத்தான். இலங்கையில் காணியின் உறுதிப்பத்திரம் உங்கள் பெயரில் இருப்பதனால் காணிக்குக் கீழே உள்ள கனியம் உங்களுடையதாகிவிடாது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனிப்பொருள்கள் சட்டம், மண்ணின்மீது யாருக்கு என்ன உரிமை இருந்தாலும், அந்த மண்ணில் உள்ள கனியங்களின் உரித்து குடியரசுக்கே உரியது என்று சொல்கிறது. தேடுவதற்கும் தோண்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் விற்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். இரத்தினக்கற்களுக்கு 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனி அதிகாரசபை உண்டு. எண்ணெயும் வாயுவும் 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன, அவையும் அரசுடையவை. கனியம் எடுக்கப்பட்டால் அதற்கான அரசிறை (றோயல்ற்றி) அரசாங்கத்துக்குப் போகும். உங்களுக்கு வருவதெல்லாம் மேற்பரப்பைப் பயன்படுத்துவதற்காக நீங்கள் பேசி எழுதிக்கொள்ளும் தொகை மட்டுமே.

இனி முதற்கேள்வி. கையொப்பம் கேட்டு ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால், அந்தக் கையொப்பம் அவருக்குத் தேவைப்படுகிறது என்றுதான் பொருள். அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி உள்ளே வர முடியுமானால் அவர் கடதாசியோடு வந்திருக்க மாட்டார். பொது நோக்கத்துக்காகக் காணி தேவைப்படும்போது, 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி அறிவித்தல் ஒட்டிய பின்னர், அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர்கள் உள்ளே வந்து அளக்கவும் அடிமண்ணில் துளையிடவும் முடியும். அதனால் சேதம் உண்டானால் 3ஆம் பிரிவின்படி நட்டஈடு கொடுக்க வேண்டும். அந்த வழி அமைச்சரின் தீர்மானத்தோடு தொடங்குவது. தனியார் நிறுவனம் ஒன்று தானாக எடுத்துக்கொள்ளக்கூடிய வழி அன்று.

கீழே உள்ளது உங்களுடையதல்ல. படலையைத் திறப்பதா இல்லையா என்பதுதான் உங்களுடையது. நீங்கள் கையொப்பமிடும்போது விட்டுக்கொடுப்பது அதைத்தான், ஆகவே அதை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்.

2023 ஏப்ரல் 3

நீங்கள் அனுப்பிய கடதாசியின் படத்தைப் பார்த்தேன். "அளவை, பரிசோதனை மற்றும் அவற்றோடு தொடர்புடைய வேலைகள்" என்று இருக்கிறது. அந்தக் கடைசித் தொடருக்குத்தான் நான் பயப்படுகிறேன். அந்த "தொடர்புடைய வேலை"க்குள் பாதை வெட்டுவதும் பனை தறிப்பதும் மறுபடி வருவதும் எல்லாம் அடங்கிவிடும். எத்தனை நாள் என்று இல்லை. எத்தனை துளை, என்ன ஆழம், யார் மூடுவது என்று இல்லை. எதைத் தேடுகிறார்கள் என்றும் இல்லை. ஆய்வு அனுமதிப்பத்திரத்தின் இலக்கம்கூட இல்லை. இலக்கத்தைக் கேளுங்கள், அதோடு பிரதியையும் கேளுங்கள். பிரதியில் உங்கள் காணி அந்த எல்லைக்குள் வருகிறதா, காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். ஆய்வு அனுமதிப்பத்திரம் வேறு, அகழ்வு அனுமதிப்பத்திரம் வேறு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஏப்ரல் 5

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்ல வேண்டியதுதான்.

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், உறுதி எழுதிச் சான்றுப்படுத்தும் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞனாக இருந்தேன். உறுதி, ஈடு, குத்தகை, அற்றோணித் தத்துவம் (ஒருவர் சார்பில் இன்னொருவர் செயற்பட எழுதும் அதிகாரப் பத்திரம்) என்று என் கையால் எழுதிப் பதிவுக்குக் கொடுத்தவை ஆயிரக்கணக்கில் இருக்கும். அப்படியிருந்தும் எங்கள் சொந்தக் காணியில் நடந்ததைத் தடுக்க என்னால் முடியவில்லை, ஏனென்றால் அது எனக்குத் தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்பாவின் காணியும் மன்னார் தீவில்தான். அவர் காலமான பின்னர் அது பிள்ளைகள் ஐந்து பேருக்கும் பிரிபடாத பங்காக வந்தது. மூத்த அக்கா மட்டும் அங்கேயே இருந்தார். 2016இல் ஒரு நிறுவனத்தின் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். அக்காவிடம் அவர்கள் காட்டிய கடதாசியின் தலைப்பில் அரச இலச்சினை இருந்தது. அது அவர்களுடைய ஆய்வு அனுமதிப்பத்திரத்தின் பிரதி, பணியகம் அவர்களுக்குக் கொடுத்தது, அக்காவுக்குக் கொடுத்ததல்ல. இலச்சினையைக் கண்டவுடன் அக்கா அரசாங்க வேலை என்று நினைத்து, இன்னொரு கடதாசியில் கையொப்பம் வைத்துவிட்டார். ஒரு துளைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள்.

மூன்று கிழமை கழித்து நான் புறக்கோட்டையிலிருந்து இரவு பஸ்ஸில் போய் இறங்கினேன். காணியின் குறுக்கே, கிழக்கு வேலியிலிருந்து கிணற்றடிவரை, ஒரே நேர்கோட்டில் பதினொரு துளைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புத் துணி கட்டிய முளை. துளையின் வாய் ஒரு செம்பின் வாயளவுதான் இருக்கும். ஒன்பதை மணலால் மூடியிருந்தார்கள். கிணற்றுக்குக் கிட்ட இருந்த இரண்டும் திறந்தபடி கிடந்தன. அவற்றில் ஒன்றுக்குள் அக்காவின் ஆட்டுக்குட்டி காலை விட்டு முறித்துக்கொண்டது. ஆட்கள் மறந்து விட்டுப்போன பிளாஸ்ரிக் பை ஒன்றை அக்கா எடுத்து வைத்திருந்தார். தெளிவான பை, வெளியே கறுப்பு மையால் துளையின் இலக்கமும் "4-5" என்றும் எழுதியிருந்தது. நாலாவது மீற்றருக்கும் ஐந்தாவது மீற்றருக்கும் இடைப்பட்ட மண். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். வெள்ளை மணலுக்குள் கறுப்பு மணிகள். கையைச் சாய்த்தால் வெள்ளை ஓடிவிடும், கறுப்புத் தங்கிவிடும், அவ்வளவு பாரம். கிழக்குக் கரையில் புல்மோட்டையில் அரச நிறுவனம் பல பத்தாண்டுகளாக எடுத்துவரும் இல்மனைட் என்ற தைத்தானியக் கனியம் அதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அரசாங்கத்தின் முத்திரை இருந்ததே தம்பி, நான் வேறென்ன செய்ய?" என்று அக்கா கேட்டார். அவரிடம் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. ரொறன்ரோவில் இருந்த தம்பிதான் பேசினான். எங்களைக் கேளாமல் எங்கள் பங்கிலும் துளைபோட விட்டாயே என்று தொலைபேசியில் அவன் சொன்ன சொற்கள் அக்காவை இரண்டு வருடம் அழவைத்தன. இரண்டு வருடம் அவர்கள் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரும் உப்பாகிவிட்டது.

2023 ஏப்ரல் 6

நேற்று எழுதியதன் கடைசி வாக்கியத்தைத் திருத்த வேண்டும். அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் அது நியாயமான வாக்கியம் அன்று.

துளைகள் போட்ட பிறகு கிணறு உப்பானது என்பது உண்மை. துளைகளால்தான் உப்பானது என்று என்னால் நிறுவ முடியாது. மன்னார்த் தீவில் நன்னீர் என்பது கடல்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய வில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதைத் தாங்கக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்க வேண்டும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு நாற்பது அடி மேலெழும். மழை குறைந்தாலும், பக்கத்துக் காணியில் மோட்டர் வைத்து அதிகமாக இறைத்தாலும் இதே விளைவுதான். எங்கள் அயலில் இரண்டு பேர் புதிதாக மோட்டர் வைத்திருந்தார்கள் என்பதை நேற்று எழுத விட்டுவிட்டேன்.

இதில் என் மனதை உறுத்துவது வேறு. துளைபோடுவதற்கு முன்னர் அந்தக் கிணற்றின் தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. "நல்ல தண்ணீர்" என்று அக்கா சொல்லுவார், அவ்வளவுதான். ஆகவே கேள்வி கேட்டவருக்குச் சொல்கிறேன்: யாரும் உள்ளே வருவதற்கு முன்னர் கிணற்று நீரைப் பரிசோதிப்பியுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணம் கட்டிச் செய்விக்கலாம். உப்பின் அளவைக் காட்டும் குளோரைட்டும் மின்கடத்துதிறனும் கட்டாயம் வேண்டும். குடிநீருக்கான இலங்கைத் தரத்தில் குளோரைட்டின் மேல் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். உங்கள் கிணறு இப்போதே 240இல் நிற்கிறதா 60இல் நிற்கிறதா என்பது நாளைக்கு ஒரு வழக்கையே தீர்மானிக்கலாம். வீட்டுச் சுவரில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளையும் படமெடுத்து வையுங்கள்.

2023 ஏப்ரல் 9

உங்கள் மச்சான் இன்று அனுப்பிய விவரம் முக்கியமானது. அவர்கள் கொண்டுவரப்போவது பெரிய லொறி இல்லையாம். இரும்புத் தகடும் பெரிய சம்மட்டியும், கம்பியில் கோத்த சிறு கருவிகளும்தானாம்.

நில அதிர்வு அளவை என்றதும் வெடிமருந்தை நினைக்கிறோம். அதுவும் ஒரு முறைதான்: ஆழத் துளையிட்டு உள்ளே சிறிய வெடியை வைத்து வெடிக்கவைப்பார்கள். இன்னொரு முறையில், பல பத்துத் தொன் எடையுள்ள வாகனம் தன் வயிற்றின் கீழுள்ள தகட்டை நிலத்தில் அழுத்திச் சில விநாடிகள் அதிரவைக்கும். கடலில் அமுக்கிய காற்றைத் திடீரென விடுவித்து ஒலியெழுப்புவார்கள். மன்னார்ப் படுகையில் கடலுக்கடியில் 2011இல் வாயு கண்டறியப்பட்டதற்கு முன்னர் நடந்த அளவைகள் அப்படிப்பட்டவை. எல்லாவற்றிலும் தத்துவம் ஒன்றுதான். அதிர்வு கீழே போய், ஒரு படை முடிந்து இன்னொரு படை தொடங்கும் இடத்தில் தெறித்தோ வளைந்தோ திரும்பிவரும். நிலத்தில் குத்திவைத்த கருவிகள் அது திரும்பிய நேரத்தைப் பதியும். நேரத்திலிருந்து ஆழத்தைக் கணிப்பார்கள்.

சம்மட்டி அடி கிலோமீற்றர் ஆழத்துக்குப் போகாது. நல்ல நிலத்தில்கூடச் சில பத்து மீற்றர்தான். அப்படியானால் இவர்கள் எண்ணெய் தேடவில்லை. பேசாலையில் 1970களில் சோவியத் நிபுணர்களின் உதவியோடு எண்ணெய்க்காகத் தோண்டியதை இன்றும் ஊரில் கதைப்பார்கள் என்பதால், "எண்ணெய் வந்தால் நாங்கள் எங்கேயோ போய்விடுவோம்" என்று உங்கள் மச்சானிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது வேண்டாத நம்பிக்கை. சம்மட்டியும் ஆழமில்லாத துளையும் சேர்ந்து வருகின்றன என்றால், மணற்படை எவ்வளவு தடிப்பு, சுண்ணக்கல் எந்த ஆழத்தில் தொடங்குகிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். இவற்றில் எதற்காக என்பதை எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

சம்மட்டி அடியால் வீடு வெடிக்காது. சுவரைப் படமெடுக்கச் சொல்லியிருந்தேன். எடுப்பதில் தவறில்லை, ஆனால் உங்களுக்கு இனி அது பெரிய கவலை அல்ல. துளைதான் கவலை.

2023 ஏப்ரல் 10

அமெரிக்காவில் உள்ள மருமகன் ஒருவர் சொன்னதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: அங்கே காணிக்காரனுக்கே எல்லாம் சொந்தம், எண்ணெய் வந்தால் அரசிறை அவனுக்கு, நாங்கள்தான் ஏமாளிகள் என்று.

பாதிதான் சரி. அங்கே தனியார் காணியின் அடிநிலக் கனியமும் தனியாருக்குச் சொந்தமாக இருக்க முடியும் என்பது உண்மை. ஆனால் மேற்பரப்பை ஒருவரும் கனிய உரிமையை இன்னொருவரும் வைத்திருக்கலாம். பாட்டன் காலத்தில் கனிய உரிமையை மட்டும் பிரித்து விற்றுவிட்டால், பேரனுக்குப் புல்லும் வீடும்தான் மிஞ்சும். டெக்சாஸில் கனிய உரிமைதான் மேலோங்கியது: அதை வைத்திருப்பவர், தன் தேடலுக்கு நியாயமாக வேண்டிய அளவு மேற்பரப்பைப் பயன்படுத்தலாம், அதிர்வு அளவை உட்பட. வீட்டில் குடியிருப்பவர் விரும்பாவிட்டாலும் வருவார்கள். 1916ஆம் ஆண்டுக் கால்நடை வளர்ப்புக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் குடும்பத்துக்கு 640 ஏக்கர்வரை காணி கொடுத்தபோது, கனியத்தை ஒன்றிய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்தக் காணிகளுக்குள் கனியம் தேடி நுழைகிறவர் 30 நாளுக்கு முன்னர் மேற்பரப்பு உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி 1993இல்தான் வந்தது. எழுபத்தேழு வருடம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1948இல் டெக்சாஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஒருவருடைய காணிக்குள் கால்வைக்காமல் வெளியே நின்று அனுப்பிய அதிர்வு அந்தக் காணியின் அடியால் போய்வந்ததை மட்டும் வைத்து அத்துமீறல் என்று சொல்ல முடியாது என்றது. காணிக்கு வெளியே நின்றே உள்ளே இருப்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம் என்றால், உண்மையில் விலைபோவது அந்த அறிவுதான். உங்கள் காணியில் அளந்த தரவின் பிரதி ஒன்றை உங்களுக்குத் தரவேண்டும் என்று சம்மதக் கடிதத்தில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இதுதான். எங்கள் அக்கா பதினொரு துளைக்குப் பதினோராயிரம் ரூபாய் வாங்கினார். அந்தப் பதினொரு துளையில் என்ன கிடைத்தது என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2023 ஏப்ரல் 11

இந்தியாவைப் பற்றிக் கேட்டவருக்கு: 2013 ஜூலை 8இல் இந்திய உச்ச நீதிமன்றம், கேரளத்து மலபார் ஜன்மக் காணிகள் (பரம்பரை முழு உரிமைக் காணிகள்) சம்பந்தமான வழக்கில், சட்டம் ஒன்று பறித்தாலன்றி அடிநிலமும் கனியமும் மேற்பரப்பின் உரிமையாளரையே சேரும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் சொந்தம் என்றாலும் உரிமம் இல்லாமல் அங்கேயும் தோண்ட முடியாது. எங்கள் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கேள்விக்கே இடம்வைக்கவில்லை.

2023 ஏப்ரல் 16

முதல் நாள் எழுதிய ஒன்றை யோசித்துப் பார்த்தேன். கையொப்பமிட்டால் எல்லாம் போய்விடும் என்ற தொனியில் எழுதிவிட்டேன். அது முழுக்கச் சரியல்ல, அக்காவைப் போல ஏற்கெனவே கையொப்பமிட்டவர்கள் பயந்துவிடக்கூடாது என்பதற்காக விரிவாகச் சொல்கிறேன்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு புதுக்கடையில் எங்களுக்குத் தினமும் வேண்டியிருந்த பிரிவு. காணியின்மீது உரித்தையோ பொறுப்பையோ உண்டாக்கும் எந்த ஒப்பந்தமும் நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகை மட்டும் விலக்கு. ஆகவே படலையடியில் நின்று வைத்த கையொப்பம் உங்கள் காணியில் யாருக்கும் நிரந்தர உரித்தை உண்டாக்காது. அது உள்ளே வருவதற்கான அனுமதி மட்டுமே. ஆனால், அனுமதியின் பேரில் உள்ளே வந்து வேலை செய்துவிட்டுப் போனவரை அத்துமீறினார் என்று பிறகு சொல்ல முடியாது. போட்ட துளையும் போட்டதுதான். அந்த ஒன்றரைப் பக்கத்தில், பிற்காலத்தில் குத்தகைக்குக் கொடுக்கும்போது தங்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது, ஐந்தாவது பந்தியில் பாருங்கள். நொத்தாரிசு இல்லாமல் எழுதிய அந்த வரிக்குப் பெரிய பெறுமதி கிடையாது, ஆனாலும் அதை வெட்டிவிட்டே கையொப்பமிடுங்கள். வெட்டிய இடத்தில் இரண்டு தரப்பும் சிற்றொப்பம் வைக்க வேண்டும்.

அடுத்தது பங்குக்காரர். நாலரை ஏக்கரும் பேரனாரின் பெயரிலேயே இருக்கிறது என்று சொல்கிறீர்கள். அப்படியென்றால் சட்டப்படி எத்தனை பேர் உரித்தாளர் என்று முதலில் எண்ணுங்கள். மச்சான் பார்த்துக்கொள்கிறார் என்பதால் அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். பொதுக் காணியைப் பங்குக்காரர் ஒருவர் தன் பங்களவுக்குப் பயன்படுத்தலாம்; மற்றவர்களின் சம்மதமின்றிக் காணியின் தன்மையை மாற்றும் காரியத்தை அவர் தனியாகச் செய்ய முடியாது. உரோமன் டச்சுச் சட்டம் எங்களுக்கு விட்டுப்போன விதி இது. வெளிநாட்டில் இருப்பவர்களிடம் அற்றோணித் தத்துவம் எடுக்கும்போது, காணியை விற்க, ஈடுவைக்க என்று வழமையான எல்லா அதிகாரங்களையும் எழுதிவிடாமல், இந்த அளவைக்குச் சம்மதம் கொடுக்க அல்லது மறுக்க என்று மட்டும் எழுதுவியுங்கள். விரிந்த அற்றோணித் தத்துவத்தால் அழிந்த குடும்பங்களை எங்கள் அலுவலகத்தின் வாங்கில் நான் கண்டிருக்கிறேன்.

2023 ஏப்ரல் 18

மச்சான் குடியிருக்கும் துண்டு உறுதிக் காணி அல்ல, அரசு நிபந்தனைகளோடு கொடுத்த அளிப்புக் காணி என்று இப்போது சொல்கிறீர்கள். இது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அளிப்புப் பத்திரமாக இருந்தால், அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகளை வாசியுங்கள். இரத்தினக்கற்கள் உட்பட எல்லாக் கனியங்களின் உரித்தும், அவற்றைத் தேடவும் தோண்டவும் எடுத்துச்செல்லவும் உள்ள உரிமையும் அரசுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன என்று ஒரு நிபந்தனை இருக்கும். பலர் அந்தப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள், நிபந்தனையை வாசித்திருக்க மாட்டார்கள். அந்தத் துண்டில் உங்கள் நிலை பேரனாரின் உறுதிக் காணியில் இருப்பதைவிடப் பலவீனமானது. அங்கே எதையும் சம்மதிப்பதற்கு முன்னர் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். ஒரே வேலிக்குள் இருந்தாலும் இரண்டையும் ஒரே கடிதத்தில் சேர்க்க விடாதீர்கள்.

2023 ஏப்ரல் 21

"அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றால் எங்களால் என்ன செய்ய முடியும்" என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்காக எப்பாவலையை நினைவுபடுத்துகிறேன்.

அநுராதபுர மாவட்டத்தில் பொஸ்பேற்றுப் படிவு உள்ள ஊர் எப்பாவலை. 1990களில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனத்தோடு அரசாங்கம் ஒப்பந்தம் ஒன்றை எழுதவிருந்தது. தேடலுக்கான பரப்பு 56 சதுர கிலோமீற்றர். அதைச் சுற்றிப் பத்துக் கிலோமீற்றர் ஒதுக்கு வலயம். அந்த ஊர் மக்கள் ஏழு பேர் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நெல்லும் தென்னையும் செய்கிறவர்கள், பால்மாடு வளர்க்கிறவர், ஒரு விகாராதிபதி. கனியம் எங்களுடையது என்று அவர்கள் வாதாடவில்லை; அப்படி வாதாடியிருந்தால் தோற்றிருப்பார்கள். தங்கள் வாழ்விடத்தையும் தொழிலையும் சமமான பாதுகாப்பையும் பற்றிய அடிப்படை உரிமைகளை முன்வைத்தார்கள். 2000 ஜூன் மாதத்தில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது, நினைத்தபடி கையளிக்க முடியாது என்றது. பணியகம், தேசிய விஞ்ஞானக் கழகத்தையும் தேசிய விஞ்ஞான மன்றத்தையும் கலந்து முழுமையான ஆய்வு செய்து முடிவை வெளியிடும்வரையும், அதன் பின்னர் சூழல் சட்டத்தின்படி அங்கீகாரம் பெறும்வரையும் ஒப்பந்தம் எதுவும் எழுதக்கூடாது என்று கட்டளையிட்டது.

அந்தத் தீர்ப்பை நான் அலுவலகத்தில் மதிய நேரத்தில் இரண்டு நாளாக வாசித்தேன். சட்டத்தரணிக்காகப் பிரதியெடுக்கத் தந்தார்கள்; பிரதியெடுத்த பிறகும் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. கீழே உள்ளது அரசுடையது என்ற வரியை எத்தனையோ உறுதிகளில் எழுதிய எனக்கு, அரசு அதை யாருக்காக வைத்திருக்கிறது என்று எவரும் அதுவரை சொல்லித் தந்ததில்லை.

நடைமுறைக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பணியகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். எங்கள் காணியை உள்ளடக்கி ஆய்வு அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டுள்ளதா, எந்தக் கனியத்துக்கு, எந்தத் திகதிவரை, என்ன நிபந்தனைகளோடு என்ற நான்கு கேள்விகள் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை.

2023 ஏப்ரல் 22

ஒருவர் என்னை அபிவிருத்திக்கு எதிரானவன் என்கிறார். மன்னாரில் வேலை இல்லாமல் பிள்ளைகள் கொழும்புக்கும் கடலுக்கு அப்பாலும் போகிறார்கள் என்பதை அறியாதவன் அல்ல நான். நானே அப்படி வந்தவன். நேர்மையாகக் கேட்டு, முழுவதும் சொல்லி, துளையை மூடிவிட்டுப் போகிறவர்களுக்கு நானே படலையைத் திறப்பேன்.

2023 மே 7

கேள்வி கேட்டவர் நேற்று என் வீட்டுக்கு வந்தார். நான் வெள்ளவத்தையிலும் அவர் தெஹிவளையிலுமாகப் பத்து நிமிட தூரத்தில் இருந்துகொண்டுதான் இவ்வளவு நாளும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்; தெஹிவளை என்று அவர் எழுதியது பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றவர்கள் ஐந்து கிழமை காத்திருந்திருக்கிறார்கள். இரண்டாவது கடதாசி தமிழில் வந்திருக்கிறது. தேடுவது கனிய மணல் என்று எழுதியிருக்கிறார்கள். அனுமதிப்பத்திரத்தின் பிரதியும் இணைத்திருக்கிறார்கள்; அதன் எல்லை அவருடைய காணியின் மேற்குப் பாதியை மட்டும்தான் தொடுகிறது. கிழக்குப் பாதிக்குள்ளும் துளைக்கோடு வரைந்து வைத்திருந்தார்கள். அதை நாங்கள் இருவரும் நிலஅளவைப் படத்தை மேசையில் விரித்து, அடிக்கோலை வைத்து அளந்துதான் கண்டுபிடித்தோம்.

நாங்கள் எழுதிக்கொடுத்த மறுமொழி இதுதான்: கிழக்குப் பாதிக்கு அனுமதி இல்லை, அளிப்புக் காணித் துண்டுக்கும் இல்லை. மேற்குப் பாதியில் கிணற்றிலிருந்து ஐம்பது மீற்றருக்குள் துளை கிடையாது. துளைபோட்ட அன்றே உரிமையாளரின் ஆள் பார்த்திருக்க மூட வேண்டும். பனை ஒன்றுகூடத் தறிக்கக்கூடாது. அனுமதி இருபத்தொரு நாளோடு முடியும், நீடிப்பு என்றால் புதுக் கடிதம். ஒவ்வொரு துளையின் ஆழமும், எடுத்த மண்ணின் ஆய்வு முடிவும் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தரப்பட வேண்டும். பேரனாரின் உரித்தாளர்கள் பதினான்கு பேர் என்று எண்ணி முடித்திருக்கிறார். பதினொரு பேர் சம்மதம் அனுப்பிவிட்டார்கள், லண்டனில் உள்ள மூவருக்காகக் காத்திருக்கிறார். அவர்கள் மறுத்தால் தானும் கையொப்பமிடுவதில்லை என்று சொன்னார்.

கிணற்று நீரைச் சுத்தமான போத்தலில் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, மச்சான் செவ்வாய்க்கிழமை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகிறார். போத்தலின் மேல் கிணற்றின் பெயர், திகதி, எடுத்த நேரம், எடுத்தவரின் கையொப்பம் நான்கும் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அக்காவிடமும் நேற்றிரவு கதைத்தேன். எங்கள் கிணற்றிலும் ஒரு போத்தல் எடுத்து அவரோடு கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.